உண்மை என்பதற்காகவே சொல்லிவிடலாமா?

ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து கோவில் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். நமக்கு நன்கு அறிமுகமான வணிகர் ஒருவர் அருகே வந்தார். நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞரின் பெயரைச் சொல்லி, "ஆள் எப்படி? கிடங்கில் கணக்கு எழுத வரட்டுமா என்று கேட்கிறான்" என்றார். "தங்கமான பையன், குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது" என்றோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடன்தான் கொஞ்சம் இருக்கிறது. தகப்பனாரின் வைத்தியத்துக்கு வாங்கியது. வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறாராம், பாவம்" என்றும் சேர்த்துச் சொன்னோம். அனுதாபத்தோடுதான் சொன்னோம். வணிகர் தலையை அசைத்துக்கொண்டார். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று.

நாம் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆகவே அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இது நம் நினைவுக்கே வரவில்லை. பொய் சொன்னால் அல்லவா பாவம்?

உறங்கிக்கிடந்த இந்த நினைவைக் கிளறிவிட்டது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு சட்ட விவாதம். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவருடைய கடன் வரலாற்றை, அவருக்கு வேலை தரப்போகிறவர் விலைகொடுத்து வாங்கிப் பார்க்கலாமா என்பதே அங்கே எழுந்துள்ள கேள்வி. வேப்பமரத்தடியில் இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை அங்கே பெரும் நிறுவனங்கள் தொழிலாகவே செய்கின்றன. அளவுதான் வேறு, செய்கை ஒன்றே என்று நமக்குப் படுகிறது.

அத்தொழிலின் தோற்றமே சிந்தனைக்குரியது. நியூயார்க் நகரில் பட்டு வணிகம் செய்துவந்த லூயிஸ் டாப்பன் என்பவர் ஆழ்ந்த சமயப்பற்றுடையவர். கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுக்கப் போராடியவர்களுள் முன்னணியில் நின்றவர். 1837-இன் பொருளாதார வீழ்ச்சியில் அவரும் அவர் அண்ணனும் நடத்திய நிறுவனம் நொடித்துப்போயிற்று. கடன் வாங்கியவர்களில் எவர் திருப்பித் தருவார், எவர் தரமாட்டார் என்று முன்கூட்டியே அறிய ஒரு வழி வேண்டும் என எண்ணிய டாப்பன், 1841-இல் மெர்க்கண்டைல் ஏஜென்சி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் முகவர்கள் இருந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள். உள்ளூர் வணிகரின் சொத்து எவ்வளவு, நாணயம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, மனைவி வழியில் செல்வம் வந்ததா என்றெல்லாம் அவர்கள் எழுதி அனுப்ப, தலைமை அலுவலகத்தில் எழுத்தர்கள் அதைப் பெரும் பேரேடுகளில் பதிவு செய்தார்கள். அப்பேரேடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட தொகுதிகள் இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் உள்ளன. மனிதர் மனிதரை விலைக்கு வாங்குவதை எதிர்த்து நின்ற ஒருவரே மனிதரின் நற்பெயரை விலைக்கு விற்கும் தொழிலைத் தொடங்கிவைத்தார். அவரை நாம் குறை கூறவில்லை. கடன் கொடுப்பவர் தாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிய விரும்புவது இயல்பே.

சிக்கல் பிற்பாடு வந்தது. கடன் கொடுப்பவருக்கென்று திரட்டிய செய்தி மெல்ல மெல்ல வேறு கைகளுக்கும் போகத் தொடங்கியது. 1899-இல் அட்லாண்டா நகரில் தோன்றிய ரீடெயில் கிரெடிட் கம்பெனி, காப்பீட்டு நிறுவனங்களுக்கும் முதலாளிகளுக்கும் தனிமனிதரைப் பற்றிய அறிக்கைகளை விற்றது. அதன் விசாரணையாளர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டறிந்து எழுதினார்கள். எழுதப்பட்டவருக்கோ தம்மைப் பற்றி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. (1975-இல் அந்நிறுவனம் தன் பெயரை ஈக்விஃபேக்ஸ் என மாற்றிக்கொண்டது. 2017-இல் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களைத் திருடரிடம் பறிகொடுத்த நிறுவனம் இதுவே. பிறர் வீட்டு இரகசியங்களைக் காப்பதாகச் சொன்னவர் தம் வீட்டுக் கதவைத் தாழிட மறந்த கதை அது.)

இந்த இருட்டுக்குள் முதல் விளக்கை ஏற்றியது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் முனைந்து கொண்டுவந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தில் அதிபர் நிக்சன் அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள் கையொப்பமிட்டார். தம்மைப் பற்றிய கோப்பில் உள்ளதை அறியும் உரிமையும் தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையும் மக்களுக்குக் கிடைத்தன. பாதகமான செய்திகள் பெரும்பாலும் ஏழாண்டுகளுக்கு மேல் அறிக்கையில் இடம்பெறலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 'மஞ்சள் கடுதாசி' என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தத் திவால் அறிவிப்புக்கு மட்டும் இன்று பத்தாண்டுகள். நல்ல சட்டம்தான். ஆயினும் அதே சட்டம், அறிக்கையை யார் யார் வாங்கலாம் என்று பட்டியலிட்டபோது, கடன் கொடுப்போர், காப்பீடு செய்வோர் என்பவர்களோடு வேலை தருவோரையும் சேர்த்துவிட்டது. அந்த ஓர் இணைப்பின் விளைவையே இன்றும் அந்நாட்டு மக்கள் சுமக்கிறார்கள்.

வேலை தருவோர்க்குக் கடன் மதிப்பெண் கொடுக்கப்படுவதில்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் எந்தக் கடனில் எத்தனை மாதம் தவணை தவறியது, எது வசூல்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது என்னும் விவரங்கள் கணக்குவாரியாகப் போய்ச்சேருகின்றன. அந்நாட்டு மனிதவள மேலாண்மைச் சங்கம் 2012-இல் தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, 47 விழுக்காட்டினர் எல்லாப் பணிகளுக்கோ சில பணிகளுக்கோ இவ்வறிக்கையைப் பார்ப்பதாகக் கூறினர்.

1996-இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. அறிக்கை கேட்குமுன் விண்ணப்பதாரரிடம் அதைத் தெரிவித்து எழுத்துமூலம் சம்மதம் பெறவேண்டும். அறிக்கையின் காரணமாக வேலை மறுப்பதாயிருந்தால், மறுக்குமுன்னரே அதன் படியை அவர் கையில் கொடுக்கவேண்டும். கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் சற்றே நின்று அந்தச் சம்மதத்தை உற்றுப் பார்ப்போம். ஆறு மாதமாக வேலையில்லை. வீட்டு வாடகை பாக்கி. முன்னால் ஒரு தாள். "சம்மதமில்லை" என்று எழுதினால் விண்ணப்பம் அத்துடன் ஓரங்கட்டப்படும். அதைத் தடுக்க அச்சட்டத்தில் எதுவுமில்லை. இப்படிப் பெறும் கையொப்பத்தை நாம் சம்மதம் என்று சொல்வோமா? வட்டி கொடுக்க ஒப்புக்கொள்பவன் முழுமனத்தோடு ஒப்புக்கொள்வதில்லை, தேவை அவனை நெருக்குகிறது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். தேவையின் நெருக்கடியாலோ இதைவிடக் கேடு வந்துவிடும் என்ற அச்சத்தாலோ கடுமையான நிபந்தனைகளை ஏற்கும் தொழிலாளி வன்முறைக்கும் அநீதிக்கும் இரையாகிறான் என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் கூறியது. அங்கே பேச்சு கூலியைப் பற்றியது. ஆனால் பசித்தவனின் கையொப்பம் கூலித்தாளில் இருந்தாலென்ன, அனுமதித்தாளில் இருந்தாலென்ன?

இனி, நம் நெஞ்சை உறுத்தும் இடத்துக்கு வருவோம்.

பிறருடைய நற்பெயருக்கு எதிராக நாவால் செய்யும் தீமைகளில் இரண்டைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. உண்மைக்கு மாறானதைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது ஒன்று; அது அவதூறு. தக்க காரணம் ஏதுமின்றி ஒருவரின் உண்மையான குறைகளை அவற்றை அறியாதவரிடம் எடுத்துச் சொல்வது மற்றொன்று, அது புறங்கூறல். முதலாவதைப் பாவம் என்று சொல்ல எவருக்கும் நூல் வேண்டியதில்லை. இரண்டாவதுதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று மார்தட்டிக்கொள்ளும் இடம் அது. இவ்விரண்டாவதற்கென்றே வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்திருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நற்பெயர் உலகப் பொருள்களிலெல்லாம் விலைமதிப்புள்ளது, அதை இழந்தவன் பல நற்செயல்களைச் செய்யவே இயலாதவனாகிறான் என்று அக்குவினாஸ் காரணம் காட்டுகிறார். வேலை தேடுகிறவனுக்கு இது எத்துணைப் பொருத்தம்! பெயர் போனால் பிழைப்புப் போயிற்று. பிழைப்புப் போனால் கடனை அடைக்கும் வழியும் போயிற்று.

அமெரிக்கச் சட்டம் முதற்பெரும் கவலையாகக் கொண்டிருப்பது அவதூறையே. அறிக்கையில் உள்ளது சரியா, தவறா? அக்கவலை நியாயமானது. அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஐவரில் ஒருவருடைய அறிக்கைகளுள் ஒன்றிலாவது தவறு இருந்து, முறையிட்ட பின் திருத்தப்பட்டது தெரியவந்தது. பெயர் ஒத்திருப்பதாலேயே ஒருவர் தலையில் மற்றொருவரின் குற்றம் ஏறிவிடுவதும் உண்டு. ட்ரான்ஸ்யூனியன் நிறுவனத்துக்கு எதிராக நடந்த ஒரு வழக்கு 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது. அரசின் பயங்கரவாதிகள் பட்டியலிலுள்ள பெயர்களோடு பெயர் ஒத்துப்போன ஒரே காரணத்தால் 8,185 பேரின் கோப்புகளில் எச்சரிக்கைக் குறிப்பு ஏறியிருந்தது. அவர்களுள் 1,853 பேரின் அறிக்கைகளே வெளியார் கைக்குப் போயின; அவர்கள் மட்டுமே வழக்குத் தொடுக்கத் தகுதியுள்ளவர்கள், மேசை இழுப்பறையில் கிடக்கும் கடிதம் யாரையும் புண்படுத்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஞ்சியவர்களுக்கு அது கசப்பான தீர்ப்பு. ஆயினும் தன்னையறியாமலேயே நீதிமன்றம் ஓர் அறநெறி உண்மையைத் தொட்டுவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. எழுதி வைப்பதில் அன்று, இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்வதில்தான் காயம் பிறக்கிறது.

அப்படியானால், எழுதியிருப்பது முழுவதும் உண்மையாயிருந்தாலும் கேள்வி தீர்வதில்லை. இந்தச் செய்தியைக் கேட்க இவருக்கு உரிமை உண்டா? கடன் கொடுக்கப்போகிறவருக்கு உண்டு; அவர் பணம் போகப்போகிறது. சரக்கு லாரி ஓட்ட ஆள் எடுப்பவருக்கு? நோயாளியைப் பராமரிக்கப் பெண்ணொருத்தியை அமர்த்துபவருக்கு? அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும்: கடனாளி பொறுப்பற்றவன், நெருக்கடியில் கைநீட்டிவிடுவான். இது ஊகம். 2010-இல் ஓரிகன் மாநிலச் சட்டமன்றத்தினர் இதைக் குறித்து விசாரித்தபோது, ட்ரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் அலுவலரே, கடன் அறிக்கையில் உள்ளவற்றுக்கும் ஒருவர் வேலை செய்யும் திறத்துக்கோ மோசடி செய்யும் வாய்ப்புக்கோ தொடர்பு இருப்பதைக் காட்டும் ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். சரக்கை விற்பவரே அதன் குணத்துக்கு உறுதி தர இயலாதபோது, வாங்குகிறவர் எதை நம்பி வாங்குகிறார்?

மேலும், கடன் என்றதுமே நாம் ஏன் குணக்கேட்டை நினைக்கிறோம்? 2021-இன் நடுப்பகுதியில் அமெரிக்கர்களின் கடன் அறிக்கைகளில் பதிவாகியிருந்த மருத்துவக் கடன் மட்டும் ஏறத்தாழ 8,800 கோடி டாலர். மாரடைப்பு வந்தது ஒழுக்கக் குறைவா? பொதுமக்களின் கண்டனத்துக்குப் பின் நிறுவனங்கள் 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ பாக்கிகளை 2023-இல் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டன. மருத்துவக் கடன் முழுவதையும் நீக்க அரசு 2025 ஜனவரியில் பிறப்பித்த விதியை அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நம் பங்கு இளைஞரின் கடனும் தகப்பனாரின் வைத்தியத்துக்கு வாங்கியதுதான் என்பதை இங்கே நினையாமலிருக்க முடியவில்லை. அதையும் சேர்த்தே சொன்னோம். ஆனால் கேட்டவர் காதில் தங்கியது 'வட்டிக்காரர்' என்ற ஒரே சொல்.

எதிர்த்தரப்பையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். பிறர் பணத்தைக் கையாளும் பணிகள் இருக்கின்றன. சிறுகச் சிறுகச் சேர்த்த முதியோரின் பணத்தை ஒருவர் கையில் ஒப்படைக்கும் முதலாளிக்கு, அம்முதியோர்பால் கடமை இல்லையா? கடனைக் கட்டாதவரிடம் கருவூலச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவது இரக்கமாகுமா? இக்கேள்வி கடல் கடந்த நாட்டோடு நிற்கவுமில்லை. நம் நாட்டில் சிபில் நிறுவனம் 2000-இல் தோன்றியது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் வந்தது. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வுபெற்ற ஒருவர், முன்பு கடன் தவணைகளைத் தவறவிட்டவர் என்று சிபில் அறிக்கை காட்டியதால், வங்கி அவருடைய பணி நியமனத்தை ரத்து செய்தது. விளம்பரம் வந்த நாளுக்கு முன்பே எல்லாக் கடனையும் அடைத்துவிட்டேன் என்று அவர் முறையிட்டார். அடைத்தது மட்டும் போதாது, தவறாத வரலாறும் வேண்டும் என்பது விளம்பரத்திலேயே சொல்லப்பட்ட நிபந்தனை. பொதுப்பணத்தைக் கையாள்வோர்க்குப் பண ஒழுக்கம் தேவை என்று கூறி நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது.

சட்டப்படி அத்தீர்ப்பு பிழையென்று சொல்ல நமக்குத் தகுதியில்லை. வங்கி தன் வாசலில் நிபந்தனையை வெளிப்படையாக எழுதி வைத்திருந்தது, ஒளிவுமறைவில்லை. ஆனாலும் "அடைத்துவிட்டேன்" என்ற அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை. கடனை அடைத்தவன் கடனாளி அல்லன் என்பதுதானே உலகத்து வழக்கு? கொடுத்தவனே கணக்கைத் தீர்த்துக்கொண்ட பின், அக்கடனுக்குத் தண்டனை விதிக்க மூன்றாமவர் ஒருவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

விவிலியத்தின் இணைச்சட்ட நூலில் அடகு வாங்குவது பற்றிய சில கட்டளைகள் உள்ளன. பல முறை வாசித்தும் நாம் அவற்றைக் கவனியாமல் கடந்துபோயிருக்கிறோம். திரிகைக் கல்லையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கக்கூடாது. அது ஒருவனுடைய உயிரையே அடகு வாங்குவதாகும் என்கிறது 24-ஆம் அதிகாரம். அன்றாட மாவை அரைக்கும் கல் அது. அது போனால் அந்த வீட்டில் அன்றைய அப்பம் இல்லை. எளியவனின் மேலாடையை அடகாக வாங்கினால் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். இவ்விரண்டையும் பலர் அறிவர். இவற்றுக்கு நடுவே இன்னொன்று இருக்கிறது: கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையலாகாது; வெளியே நிற்கவேண்டும்; கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவந்து தருவான்.

எவ்வளவு நுண்ணிய மரியாதை! கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு. உள்ளே அவனுடைய கிழிந்த பாயும் காலிப் பானையும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கடன் கொடுத்தவனுக்கே உரிமையில்லை. இன்றைய கடன் அறிக்கையைக் கையில் வாங்கும் முதலாளியோ கடன் கொடுத்தவரும் அல்லர். ஒரு காசும் தராத அந்நியர் வீட்டுக்குள் நுழைந்து, பானையைத் திறந்து பார்த்துவிட்டு, போகிற போக்கில் திரிகைக் கல்லையும் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிறார். அதனால் அவருக்குக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. அடகு வாங்கியவனுக்காவது கல் மிஞ்சியது.

ஏழாண்டு எல்லையும் நமக்கு அந்நூலையே நினைவூட்டுகிறது. ஏழாம் ஆண்டில் கடன்களை விட்டுவிடவேண்டும் என்கிறது அதன் 15-ஆம் அதிகாரம். அமெரிக்கச் சட்டத்தை எழுதியவர்கள் அதை நினைத்து எழுதினார்களோ இல்லையோ, எண் ஒன்றாயிருப்பதில் நமக்கொரு மகிழ்ச்சி. ஆனால் வேறுபாடு பெரிது. அங்கே ஏழாம் ஆண்டில் கடனே மறைந்தது. இங்கே ஏழாண்டுவரை பெயர் கெட்டிருக்கும். பின்னர் ஏட்டிலிருந்து மறையும். கடன் அப்படியே இருக்கலாம். அதிலும், ஆண்டுக்கு 75,000 டாலரோ அதற்கு மேலோ ஊதியம் தரும் வேலையென்றால் ஏழாண்டு வரம்பும் கிடையாது.

கடனுக்காகச் சிறையிலடைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1824-இல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸின் தந்தை இலண்டனில் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஷூ மெருகு ஆலையில் வேலைக்குப் போக நேர்ந்தது. சிறைக்குள் இருப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கடனைக் கட்டுவான் என்ற எளிய கேள்வியைக் கேட்கவே உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்து இரக்கமற்ற பணியாளனும் தன் உடன்பணியாளனைக் கடனை அடைக்கும்வரை சிறையில் தள்ளுகிறானே, அவனும் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது சுவர்கள் இல்லை. ஆனால் கதவுக்குக் கதவு "கடன் இருக்கிறது, ஆகவே வேலை இல்லை, வேலை இல்லை, ஆகவே கடன் தீராது" என்று சொல்லப்படும்போது, சுவர் இல்லாத அச்சிறையிலிருந்து ஒருவர் எந்த வழியாக வெளியேறுவார்?

இதை உணர்ந்துதான் அந்நாட்டு மாநிலங்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. 2007-இல் வாஷிங்டன் மாநிலம் முதலடி வைத்தது. பின்னர் ஹவாய், இல்லினாய், ஓரிகன், கலிஃபோர்னியா என்று தொடர்ந்தன. 2015-இல் நியூயார்க் நகரம் தன் எல்லைக்குள் பெரும்பாலான வேலைகளுக்குக் கடன் வரலாற்றைக் கேட்பதையே தடை செய்தது. காவல் பணிக்கும், பிறருடைய 10,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணத்தின்மேல் கையொப்ப அதிகாரம் உள்ளவர் போன்றோர்க்கும் விலக்கு அளித்தது. நாடு முழுமைக்குமான சட்டம்தான் எட்டாக்கனியாக நிற்கிறது. 2009-இல் பிரதிநிதிகள் அவையில் ஸ்டீவ் கோஹன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. 2013 டிசம்பரில் செனட்டர் எலிசபெத் வாரன் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. 2020 ஜனவரி 29-ஆம் நாள் பிரதிநிதிகள் அவை, இத்தடையையும் உள்ளடக்கிய விரிவான கடன் அறிக்கைச் சீர்திருத்த மசோதாவை 221-க்கு 189 வாக்குகளில் நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவேயில்லை.

2013-ஆம் ஆண்டு மசோதாவில் ஒரு விதி நம்மைக் கவர்ந்தது. விண்ணப்பதாரரே சம்மதித்தாலும் இத்தடை பொருந்தும் என்றது அது. பசித்தவனின் கையொப்பத்தின் எடையை அறிந்த ஒருவர் எழுதிய விதி. ஆனால் அம்மசோதாவோடு நாம் முழுதும் ஒத்துப்போகவில்லை. நாட்டுப் பாதுகாப்பு, வேறு சட்டத்தின் கட்டாயம் என்னும் இரண்டைத் தவிர மற்ற எதற்கும் அது இடம் வைக்கவில்லை. அடுத்தவர் சேமிப்பை நேராகக் கையில் வாங்கும் பணிக்கு நியூயார்க் நகரம் வைத்ததைப் போன்ற குறுகிய விலக்கு ஒன்று இருப்பதே முறை என எண்ணுகிறோம். அங்கேயும், நிறுவனத்திடம் விலைகொடுத்துக் கேட்பதற்கு முன், வாசலில் நின்று அவரையே கேட்கலாம். "கடன் உண்டா? எதனால் வந்தது? எப்படி அடைக்கிறீர்கள்?" என்று முகம் பார்த்துக் கேட்கும் முதலாளிக்குக் கிடைக்கும் விடையில், எந்தப் பேரேட்டிலும் இல்லாத செய்தி இருக்கும். அவ்விடையைச் சொல்லும் விதத்திலேயே ஒரு மனிதரை ஓரளவு அறிந்துகொள்ளலாம். பொய் சொல்லிவிடுவாரே என்பீர்கள். சொல்லலாம். அந்த இடர் நம் எல்லா உறவுகளிலும் உள்ளதுதான்.

வேப்பமரத்தடியில் அந்த வணிகர் நம்மைக் கேட்டபோதும், "அவனையே கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த இளைஞர் பிறகு வெளியூரில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடன் முழுவதையும் அடைத்துவிட்டதாக அவருடைய தாயார் ஒருநாள் கோவில் வாசலில் நின்று மகிழ்ச்சியோடு சொன்னார். "உள்ளூரிலேயே ஒரு வேலை கிடைப்பதுபோல இருந்தது, என்னவோ தட்டிப்போச்சு" என்றும் சொன்னார். நாம் ஒன்றும் பேசவில்லை. நாம் மட்டும் அமெரிக்காவில் ஒரு கடன் தகவல் நிறுவனமாயிருந்திருந்தால், வேலையை மறுக்குமுன் அந்த வணிகர் நாம் சொன்னதன் படியை அந்த இளைஞரின் கையில் கொடுத்திருக்கவேண்டும். அவரும் தம் பக்கத்தைச் சொல்லியிருப்பார். நாம் நிறுவனம் அல்லோம், பங்குக்காரர்கள். அவருக்கு இன்றளவும் தெரியாது.